படங்கும் கோட்டும்: மலையகத் தோட்டங்களில் வேலையுடை

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைக்கு உடுத்தும் உடையை முதலில் தீர்மானித்தவை குளிரும் மழையும். பதவி அதன் பிறகு வந்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் அங்கே சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு வரப்பட்டவர்களோ திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய வறண்ட சீமைகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த பருத்தித் துணி இந்தக் குளிருக்கு எந்த மூலைக்கும் போதவில்லை.

எனவே தோட்டம் கொடுத்த முதல் வேலையுடை கம்பளி. முரட்டு ஆட்டு மயிரில் நெய்த அந்தக் கறுப்புக் கம்பளி பகலில் மழையங்கி, இரவில் போர்வை. மழை பெய்தால் அதை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார்கள். ‘கொடுத்த’ என்பதும் பேச்சுக்குத்தான். அரிசியின் விலை போலவே கம்பளியின் விலையும் தொழிலாளியின் கணக்கில் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிந்தது. வண்ணாருக்கும் நாவிதருக்கும் உரிய காசைக்கூடச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளில் இலைநோய் தலைகாட்டிப் படிப்படியாகக் கோப்பியை அழித்தது. கோப்பிப் பழம் பறிப்பது பருவகால வேலை. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டியது. அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கைக்குப் போனது. இடுப்பளவுக்குக் கவ்வாத்து வெட்டிய செடிகளின் நெருக்கத்துக்குள் நாள் முழுவதும் நுழைந்து நடப்பவளுக்குச் சேலை மட்டும் போதாது. விடியற்காலையில் ஒவ்வொரு செடியும் பனிநீர் சுமந்து நிற்கும். வாதுகள் துணியைக் கிழிக்கும். கீழே அட்டை காத்திருக்கும். இதற்குப் பெண்கள் கண்ட விடைதான் படங்கு.

பழைய சாக்கைப் பிரித்து, சேலைக்கு மேலே இடுப்பிலிருந்து கணுக்கால் பக்கம் வரை சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது படங்கு. நனைந்தால் அது கனக்கும். ஆனாலும் ஈரம் உள்ளே இறங்கத் தாமதமாகும். தலையில் மடித்துப் போட்ட துணிக்கும் அதே அளவு வேலை உண்டு. முதுகுக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தங்கும். துணி இல்லாவிட்டால் கயிறு தோலை அறுத்துவிடும். அட்டைக்குக் காலில் சவுக்காரம் பூசிக்கொள்வார்கள். இவற்றில் ஒன்றையும் எந்த நிர்வாகமும் வடிவமைக்கவில்லை. அந்த மலைகளில் உண்மையான தொழிலுடை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது படங்குதான்.

ஆனால் கொழும்புப் புகைப்பட நிலையங்கள் விற்ற அஞ்சலட்டைகளில் அதை அதிகம் காண முடியாது. பளிச்சென்ற சேலை, மூக்குத்தி, வளையல், சிரித்த முகம் ஆகியவையே ‘சிலோன் டீ’யின் அடையாளமாக உலகெங்கும் போயின. தேயிலையை விற்க நனைந்த சாக்கு உதவாது என்பது வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

கங்காணியின் உடை வேறு நோக்கம் கொண்டது. ஊரில் ஆள் சேர்த்து, கடன் கொடுத்து, கூட்டி வந்து, வேலையும் வாங்கிய பெரிய கங்காணி வேட்டிக்கு மேலே கோட்டு அணிந்தார், தலைப்பாகை கட்டினார், கையில் குடையோ தடியோ வைத்திருந்தார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கம்பளிகளுக்கு நடுவே ஒரு கோட்டு நின்றால் அவர் யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைத் துரை எதிரே வந்தால் தொழிலாளி குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். எதை உடுத்தலாம் என்பதைப் போலவே, எதை யார் முன்னால் களைய வேண்டும் என்பதும் எழுதாத சட்டமாக இருந்தது.

துரைக்குப் பகலில் தக்கைத் தொப்பி, காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால் வரை காலுறை. மாலையில் அவரையும் ஒரு விதி பிடித்தது. 1876இல் தோன்றிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவு உணவுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். இல்லாமல் வரும் விருந்தினருக்கு இரவல் கொடுக்கக் கிளப்பே கோட்டும் டையும் வைத்திருக்கிறது. இலங்கையர் அங்கே உறுப்பினரானது 1960களின் பிற்பகுதியில்தான்.

உடையே ஆளைச் சொன்ன இடத்தில் உடையை மாற்றினால் ஆளை மறைக்கலாம். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றமாகிவிடும். தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் போய்த் தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். லயத்து வாசல் வரை தடையின்றிப் போகக்கூடியவர் துணி மூட்டைக்காரர் என்று அவர் கணக்குப் போட்டது சரியாகவே இருந்தது. பின்னர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அவர் தொழிற்சங்கம் அமைத்தார்.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போனாலும் அரைக்காற்சட்டையும் நீண்ட காலுறையும் போகவில்லை. அவர்கள் இடத்துக்கு வந்த இலங்கைத் துரைமார் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டனர். 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. தொழிலாளர் பக்கத்திலோ, லயத்துப் பெண்பிள்ளைகள் படித்து ஆசிரியரானபோது, அதே சேலை படங்கில்லாமல், மடிப்பு குலையாமல் பள்ளிக்கூடம் போனது.

கூடுதலாக மாறியது தொழிற்சாலைக்குள்தான். வெளிநாட்டு வாங்குவோர் உணவுத் தூய்மைச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியதும், தேயிலை அரைக்கும், சலிக்கும் இடங்களில் தலைமுடியை மூடும் தொப்பியும் மேலங்கியும் கட்டாயமாயின. வளையலும் மோதிரமும் வாசலிலேயே நிற்கின்றன. மலையில் பழைய சாக்கின் இடத்தைப் பொலித்தீனும் உரப்பையும் பிடித்துக்கொண்டன. கம்பளிக் கொங்காணி அரிதாகிவிட்டது. படங்கைக் கட்டும் முறை மட்டும் இன்னும் அதேதான்: சேலைக்கு மேலே, இடுப்பில், ஒரு கயிறு.