காட்டுக்குப் பெயர்ந்த பரிசோதனைச்சாலை

1837-ஆம் ஆண்டில் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைப் பட்டணத்தில் தொடங்கிய பள்ளிக்கூடம், பின்னாளில் அதன் முதல்வரான வில்லியம் மில்லரின் இடையறாத உழைப்பால் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, நூற்றாண்டு நிறைவெய்திய 1937-இல் ஜார்ஜ் டவுனின் நெரிசலைத் துறந்து, தாம்பரத்தில் சேலையூர்க் காட்டையொட்டிய 365 ஏக்கர் நிலத்தில் குடியேறியபோது, நூல்நிலையத்தோடு ரசாயனப் பரிசோதனைச்சாலையும் அங்கே வந்து சேர்ந்தது. பட்டணத்திலிருந்து அங்கே போய்வர, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது.

பரிசோதனைச்சாலையில், துல்லியமாக அளக்கும் குழாய்களான பியூரெட்டுக்கும் பிப்பெட்டுக்கும் உள்ள கௌரவம் கண்ணாடிக் குவளையான பீக்கருக்கு இல்லை. அதன் மேனியிலுள்ள கோடுகள் நூற்றுக்கு ஐந்து பங்குவரை பிழைபடக் கூடுமாதலால், நுட்பமான அளவுக்கு அதை எவரும் நம்புவதில்லை. ஆயினும் ரசாயனம் பயிலும் மாணவனுக்குப் பொறுமை என்னும் சீலத்தைக் கற்பிக்கும் ஆசான் அதுவே என்பது என் துணிபு. சல்பேட் கரைசலைப் பீக்கரில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே காய்ச்சி, பேரியம் குளோரைடைத் துளித்துளியாகச் சேர்த்து, எழுகின்ற வெண்மையான வீழ்படிவின் நுண்துகள்கள் வடிதாளில் ஒழுகிப் போகாத அளவுக்குப் பருக்கும்வரை வெந்நீர்த் தொட்டியின்மேல் காத்திருந்து, பின்னர் கண்ணாடிக் கோலின் வழியே ஒரு துகளும் சிந்தாமல் வடிதாளில் இறக்க வேண்டும். அவசரப்பட்டவனுக்கு விடை தவறும்.

இவ்வளவு சூட்டையும் சாதாரணக் கண்ணாடி தாங்குவதில்லை. ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஆட்டோ ஷாட் என்பவர் போரான் ஆக்ஸைடு கலந்து, சூட்டில் சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே விரியும் கண்ணாடியைச் சமைத்தார். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் சரக்கு வெளிநாடுகளுக்கு வருவது நின்றுபோகவே, அமெரிக்கக் கார்னிங் கம்பெனியின் பைரெக்ஸ் 1915-இல் அவ்விடத்தைப் பிடித்தது. நம் தேசத்தில், கார்னிங்கின் கூட்டுறவோடு பம்பாயில் போரோசில் கம்பெனி தோன்ற 1962 ஆயிற்று.

மீண்டும் தாம்பரத்துக்கு வருவோம். அக்கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் பரிசோதனைச்சாலையோடு நின்றவரல்லர். முட்புதர் மண்டிய கல்லூரி நிலத்தில் தம் மனைவி ஆலிஸுடன் சேர்ந்து மரங்களை நட்டு வளர்த்தார். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் அலைந்து தாவரங்களைச் சேகரித்தார். 1941-இல் அவர் காலமானார். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த அரிசீமா வகைகளில் ஒன்று, தாவர சாஸ்திரத்தில் இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.