சிறு விமானங்களின் இறக்கை நுனி மாற்றங்கள்

ஆலையிலிருந்து வந்த சிறு விமானத்தின் இறக்கை நுனியைக் கழற்றிவிட்டு வேறு வடிவ நுனியைப் பின்னாளில் பொருத்துவது இறக்கை நுனி மாற்றம் எனப்படும். கீழ்நோக்கி வளைந்த நுனி, கூரிய விளிம்புள்ள ஹோர்னர் நுனி, மேல்நோக்கி நிமிர்ந்த விங்லெட், நுனி எரிபொருள் தொட்டி, இறக்கையை நீட்டும் துண்டு என்று இதில் பல வகை உண்டு. செஸ்னா, பைப்பர், பீச்கிராஃப்ட் விமானங்களுக்கே இவை பெரும்பாலும் விற்கப்படுகின்றன. வேகம் கூடும், ஏறும் வீதம் கூடும், குறைந்த ஓடுதளம் போதும் என்பவை விற்பவர்கள் தரும் மூன்று வாக்குறுதிகள். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கிடைக்கும் ஆதாயம், பெரும்பாலான உரிமையாளர்கள் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியது.

இறக்கையின் அடியில் காற்றழுத்தம் மிகுதி, மேலே குறைவு. நுனிக்கு வந்ததும் அடிக்காற்று மேலே ஏறிச் சுழலாகப் பின்னால் நீள்கிறது. இந்தச் சுழலுக்குச் செலவாகும் ஆற்றல்தான் தூண்டு இழுவையாக விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. 1897இலேயே ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் நுனியில் தகடு வைத்து இதை அடக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டல் அதற்கான கணிதத்தை அமைத்தார். எடையும் வேகமும் மாறாதபோது தூண்டு இழுவை இறக்கை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது அதன் சாரம். வேகம் கூடக்கூடவும் இவ்விழுவை அதே போல வர்க்க வீதத்தில் குறைகிறது. காற்று உராய்வாலும் உடல் வடிவத்தாலும் வரும் இழுவையோ வேகத்தோடு ஏறுகிறது. நுனி மாற்றத்தின் பலனும் வரம்பும் இந்த இரண்டு விதிகளில் அடங்கும்.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கை நீளம் 11 மீட்டர், உச்ச எடை 1,157 கிலோ, எஞ்சின் 180 குதிரைத்திறன், பயண வேகம் 124 நாட், கடல் மட்டத்தில் ஏறும் வீதம் நிமிடத்துக்கு 730 அடி. பயண வேகத்தில் மொத்த இழுவையில் தூண்டு இழுவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். புதிய நுனி அதில் 5 சதவீதத்தைக் குறைத்தால் மொத்த இழுவையில் 1 சதவீதம் குறையும். வேகம் அரை நாட் அளவுக்கு உயரும். வேகமானியின் முள்ளில் அதைப் படிப்பதே கடினம். ஏறும்போது கதை சற்று மாறுகிறது. 74 நாட் வேகத்தில் தூண்டு இழுவை மொத்தத்தில் பாதியாகிவிடுவதால், அதே 5 சதவீதம் நிமிடத்துக்கு 15 முதல் 20 அடி வரை கூடுதல் ஏற்றம் தரும். அதாவது இரண்டு, இரண்டரை சதவீதம். மெதுவாக, சுமையோடு, உயரத்தில் பறப்பவருக்கே நுனி மாற்றம் ஏதேனும் தரும்.

அந்த 20 அடியைப் பறந்து பார்த்து நிறுவுவது எளிதல்ல. செட்டிநாட்டுப் பகுதியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் போட்ட பழைய ஓடுதளம் இன்றும் இருக்கிறது. அதையொட்டிய கொத்தமங்கலம் வட்டாரத்தில் சித்திரை வெயில் 40 பாகையைத் தொடும்போது, தரையை ஒட்டிய காற்றே 3,000 அடிக்கு மேலுள்ள காற்றைப் போல மெலிந்துவிடும். அந்தப் பிற்பகலில் இதே செஸ்னாவின் ஏறும் வீதம் சுமார் 150 அடி குறைந்துபோகும். நுனி தந்ததைப் போல ஏழெட்டு மடங்கை வெயில் எடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரப் பறப்பில் 25 கிலோ எரிபொருள் தீர்ந்தாலே ஏறும் வீதம் நுனி மாற்றம் தருவதைவிட அதிகமாக உயரும். மாற்றத்துக்கு முன் பிற்பகலில் பறந்து, மாற்றத்துக்குப் பின் விடியற்காலையில் பறந்தவர் புதிய நுனியைப் புகழ்வார். அவர் பொய் சொல்லவில்லை, காலைக் காற்றைப் புகழ்கிறார். ஒரே எடை, ஒரே வெப்பநிலை, ஒரே உயரத்தில் பலமுறை பறந்து சராசரி எடுக்காத எந்தக் கூற்றையும் சான்றாகக் கொள்வதற்கில்லை.

நுனி வடிவத்தைவிட இறக்கை நீளமே வலியது. 5 சதவீதம் நீட்டினால், அதாவது செஸ்னாவில் பக்கத்துக்கு ஒரு சாண் அளவுக்குச் சற்று மேல் சேர்த்தால், தூண்டு இழுவை 9 சதவீதத்துக்கு மேல் குறையும். பைப்பர் நிறுவனம் இதை ஆலையிலேயே செய்தது: 30 அடி இறக்கையுடைய செரோக்கி வரிசையில் 1974இல் வந்த வாரியருக்கு 35 அடிக் கூம்பு இறக்கை. ஹோர்னர் நுனியின் பலனும் ஒரு வகையில் நீளத்தின் பலன்தான். சிகார்ட் ஹோர்னர் 1949இல் எழுதிய ஆய்வறிக்கையின்படி, உருட்டிய நுனியைவிடக் கூர்விளிம்பு நுனி சுழலைச் சற்று வெளியே தள்ளுவதால், அளவில் கூடாமலே இறக்கை நீண்டது போலச் செயல்படுகிறது.

அப்படியானால் பயணிகள் விமானங்கள் ஏன் விங்லெட்டை நாடின? நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் 1976இல் வெளியிட்ட ஆய்வும், 1979-80இல் கேசி-135 விமானத்தில் நடந்த பறப்புச் சோதனைகளும் 6 சதவீதத்துக்கு மேல் ஆதாயம் காட்டின. பெரிய ஜெட் உயரத்தில் பறக்கையில் தூண்டு இழுவை ஏறத்தாழ 40 சதவீதம். மணிக்கணக்கில் பறப்பதால் சிறு மிச்சமும் டன் கணக்காகச் சேர்கிறது. மேலும், விமான நிலையத்தில் நிறுத்துமிடத்தின் அகலத்துக்கு வரம்பு உண்டு. ஏர்பஸ் ஏ320 வகைக்கு அது 36 மீட்டர். ஷார்க்லெட் எனும் விங்லெட்டைப் பொருத்திய பின் அதன் இறக்கை 35.8 மீட்டர். பக்கவாட்டில் இடமில்லாததால் மேல்நோக்கி வளர்த்தார்கள். கொட்டகை வாசலைத் தவிர வேறு வரம்பில்லாத நான்கு இருக்கை விமானத்துக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. போட்டி விதியால் 15 மீட்டருக்குள் கட்டுண்ட கிளைடர்களுக்கு உண்டு. வெப்பக் காற்றில் மெதுவாக வட்டமிட்டே உயர வேண்டிய அவற்றில் விங்லெட் நன்றாகப் பயன்படுகிறது.

முதலிலிருந்தே நுனியைச் சிந்தித்து வடிவமைத்த சிறு விமானத்துக்கு நம் கரையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1983ஆம் ஆண்டு உரிம ஒப்பந்தத்தின்படி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கான்பூரில் கட்டும் டோர்னியர் 228, சென்னையிலிருந்து கடலோரக் காவல் படைக்காகப் பாக் நீரிணைப் பக்கம் ரோந்து பறக்கிறது. 16.97 மீட்டர் இறக்கையின் இரு முனைகளும் பின்னோக்கிச் சரிந்த முக்கோணங்கள். குறுக்குவெட்டு, நீளம், நுனி மூன்றும் சேர்ந்தே உருவான இறக்கை அது. பின்னால் ஒட்டும் நுனிக்கு இந்த ஒத்திசைவு வாய்ப்பதில்லை.

குறுகிய ஓடுதளத்துக்கான தொகுப்புகளில் வளைந்த நுனியோடு இறக்கையின் முன்விளிம்புக்கான புதிய உறையும் வரும். ஸ்டால் வேகம், அதாவது இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியும் மிகக் குறைந்த வேகம், குறைவதற்குப் பெரும்பகுதிக் காரணம் அந்த உறை. கண்ணுக்கு முதலில் தெரிவது நுனி என்பதால் புகழ் அதற்குப் போய்விடுகிறது. நுனித் தொட்டியின் மதிப்பு அது தரும் கூடுதல் தூரத்தில் இருக்கிறது. அதில் உள்ள எரிபொருளின் எடை, மேலே வளையும் இறக்கையைக் கீழே அழுத்தி அடிப்பகுதியின் சுமையைப் பறப்பில் குறைக்கவும் செய்கிறது.

விங்லெட்டிலும் நீட்டிய இறக்கையிலும் நடப்பது இதற்கு நேர்மாறு. தூக்குவிசை வெளிப்பக்கம் நகர்வதால் இறக்கை அடிப்பகுதியின் வளைசுமை கூடுகிறது. நுனி எடையால் அதிர்வுக் குணமும் மாறக்கூடும். இதனால்தான் இத்தகைய மாற்றத்துக்குத் துணை வகைச் சான்றிதழ் தேவை. இந்தியாவில் பதிவான விமானத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஏற்பு வேண்டும். மாற்றத்துக்குப் பிறகும் விமானம் பாதுகாப்பானது என்பதையே அந்தச் சான்றிதழ் உறுதிசெய்கிறது. விளம்பரத்தில் உள்ள வேகத்துக்கு அது சாட்சி அல்ல. பறப்புக் கையேட்டின் செயல்திறன் அட்டவணைகள் திருத்தப்படாத வரை, ஓடுதள நீளத்தையும் ஏறும் வீதத்தையும் விமானி பழைய எண்களைக் கொண்டே கணக்கிட வேண்டும்.