ஓடிக்கொலோன் வரலாறும் வாசனை அணியும் முறையும்

காய்ச்சலுற்றவரின் நெற்றியில் ஓடிக்கொலோன் தோய்ந்த கைலேஞ்சியை இடும் வழக்கம் நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில் நெடுங்காலம் நிலவியது. அலங்கார மேசைக்குரிய வாசனைத் திரவியம் நோயாளியின் படுக்கையருகே வந்தது எவ்வாறு? அதன் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு.

ஜேர்மனியில், ரைன் நதிக்கரையில் அமைந்தது கொலோன் நகரம். பரீனா என்னும் இத்தாலியக் குடும்பத்தாரின் வணிக நிலையம் அங்கு 1709 இல் தொடங்கப்பெற்றது. அக்காலத்து ஐரோப்பியச் செல்வர் கஸ்தூரி, புனுகு முதலிய கனத்த வாசனைகளில் ஊறியிருந்தனர். அக்குடும்பத்தில் 1685 இல் பிறந்த யோகான் மரியா பரீனாவோ, எலுமிச்சை, தோடை, பேர்கமொட் ஆகிய கனிகளின் தோலெண்ணெயை மதுசாரத்திற் கலந்து மெல்லியதொரு நறுநீரை ஆக்கினார். குடியேறிய நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ‘கொலோன் நீர்’ என்பதன் பிரெஞ்சு வடிவமே ஓடிக்கொலோன்.

அந்நீர் மேனியிற் பூசப்பட்டதோடு, மருந்தாக அருந்தவும் பட்டது. கொலோன் நகரம் பிரான்சின் ஆட்சியிலிருந்த 1810 இல், இரகசிய மருந்துகளின் செய்முறையை அரசுக்கு வெளிப்படுத்தவேண்டுமென நெப்போலியன் ஆணையிட்டான். அதற்கு மனமற்ற வணிகர், மருந்தென்னும் பெயரை விடுத்து, வாசனை நீரென்றே விற்கத் தலைப்பட்டனர். மருந்தென்ற நம்பிக்கை மட்டும் மறையவில்லை. உண்மையில், மதுசாரம் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தைக் கவர்வதாலேயே நெற்றி குளிர்கின்றது. நோய் அதனால் தீர்வதில்லை.

வாசனை அணியத் தொடங்குவோர்க்கும் இவ்வரலாறு பயன்தரும். ஓடிக்கொலோனில் நறுமண எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கே உண்டு. செறிந்த அத்தர்களோடு ஒப்பிடின் இது மிகக் குறைவு. ஆதலின் பிறர்க்கு உறுத்தல் தராது, விரைவில் மறைந்தும்விடும். புட்டியை முகர்ந்தவுடன் விலை பேசுதல் தகாது. முதலில் எழும் கனிமணம் சில நிமிடங்களிற் பறந்துவிடும். மணிக்கட்டிற் சிறிது தடவி, அரைமணி நேரம் சென்றபின் எஞ்சும் மணமே நாள்முழுதும் உடன்வருவது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இயற்கைப் பேர்கமொட் எண்ணெயிலுள்ள பேர்கப்டென் என்னும் பொருள், பூசிய இடத்தில் வெயில் படின் தோலைப் புண்படுத்திக் கருமை படரச் செய்யும். அப்பொருள் நீக்கிய எண்ணெய் இன்று பெரிதும் வழங்கினும், கடும்வெயிலிற் செல்வோர் ஆடை மறைக்கும் இடத்திற் பூசுதலே நன்று.

அருகில் வருவோர் மட்டும் உணரும் அளவே வாசனைக்கு அழகு. கனத்த மணங்கள் மலிந்த காலத்தில் பரீனாவின் மெல்லிய நீர் புகழ்பெற்றதும் அதனாலன்றோ?