டப்ளின் நடைபாதையில் ஒரு வகுப்பு

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், 1984 ஜூலை 19ஆம் நாள், டன்ஸ் ஸ்டோர்ஸ் பேரங்காடியின் 21 வயதுக் காசாளர் மேரி மேனிங், வாடிக்கையாளர் ஒருவர் எடுத்துவந்த தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கு விலை பதிய மறுத்தார். நம்மூர்ப் பம்ளிமாசுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழங்கள் அவை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்ததால் அந்நாட்டுப் பொருள்களைத் தொடவேண்டாமென அவருடைய தொழிற்சங்கம் பணித்திருந்தது. நிருவாகம் மேரியை இடைநீக்கம் செய்தது. சக ஊழியர் சிலரும் உடன் வெளியேறி வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

ஆசிரியர் என்ற முறையில் என்னை ஈர்த்தது அதற்குப் பின் நிகழ்ந்ததுதான். தொடக்கத்தில் அவ்விளையோருக்குத் தென்னாப்பிரிக்காவைப் பற்றி அதிகம் தெரியாது. சங்கம் சொன்னது, செய்தார்கள்; அவ்வளவே. நாடிழந்து அயர்லாந்தில் வாழ்ந்த நிம்ரோட் செஜாக்கே என்னும் தென்னாப்பிரிக்கர் மறியலில் அவர்களோடு நின்று, தம் மக்கள் படும் பாட்டை எடுத்துரைத்தார். பாடநூலும் கரும்பலகையும் இல்லாத அந்த வகுப்பை எண்ணி நான் பொறாமைப்படுவதுண்டு! அதன்பின் வாரத்திற்கு 21 பவுண்டு உதவித்தொகையில் இரண்டரை ஆண்டுக்கும் மேலாக அவர்கள் தளரவில்லை. 1985இல் நிலைமையை நேரில் காண ஜோகானஸ்பர்க் சென்றபோது விமான நிலையத்திலேயே தடுத்துத் திருப்பியனுப்பப்பட்டனர்.

1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதிக்குத் தடைவிதித்தது. மேரி பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தார்.