அன்னை கஸ்தூரிபாவின் துணைநலம்

தில்லி வாழ் தமிழருள் கே.ஜி. மார்க் என்னும் சாலையை அறியாதார் இலர். கன்னாட் பிளேசிலிருந்து இந்தியா கேட் நோக்கிச் செல்லும் அச்சாலை, ஆங்கிலேயர் ஆட்சியில் கர்சன் பிரபுவின் பெயரைத் தாங்கியிருந்தது. இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் பேருந்துப் பயணிகளின் நாவிலும் அலுவலகக் கடித உறைகளிலும் அப்பெயர் இரண்டு எழுத்துகளாகக் குறுகிவிட்டது. அவ்விரண்டு எழுத்துகளுக்குள் அடங்கிவிட்ட வாழ்வு எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கஸ்தூரிபா 1869-ஆம் ஆண்டு போர்பந்தரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் மணம் முடிந்தது. மணமகனுக்கும் அதே வயதுதான். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. கணவர் பின்னாளில் உலகம் போற்றும் மகாத்மாவானார்; மனைவி அவர் நிழலாய் உடன் நடந்தார். பெரும்பாலோர் அன்னையைப் பற்றிச் சொல்வது இவ்வளவே. ஆனால் நிழலுக்குச் சொந்தமாக ஓர் எண்ணம் இராது. அன்னைக்கோ அது இருந்தது.

டர்பன் நகரில் காந்தியடிகள் வழக்கறிஞராக இருந்த காலத்தில், அவருடைய அலுவலக எழுத்தர்கள் சிலர் அவர் இல்லத்திலேயே தங்கியிருந்தனர். அவருள் ஒருவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து கிறித்தவராக இருந்தவர். அவர் அறையின் மலக்கலத்தை எடுத்துச் செல்லக் கஸ்தூரிபாவின் உள்ளம் ஒப்பவில்லை. பிறந்த வீட்டில் ஊட்டப்பட்ட தீண்டாமை எண்ணம் அவரை விட்டு அகலாத காலம் அது. முகம் மலர்ந்து அதைச் செய்யவேண்டுமெனக் கணவர் வற்புறுத்தினார், பூசல் முற்றியது, மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்றார். அந்நிய நாட்டில் தாம் போக்கிடம் இல்லாதிருப்பதைச் சுட்டி, நாணமில்லையா என்று அன்னை கேட்ட பிறகே அவர் தலை குனிந்தார். இதை மறைக்காமல் தம் வரலாற்றில் எழுதி வைத்தவர் காந்தியடிகளே. இருவர் குறையும் அந்நிகழ்ச்சியில் வெளிப்பட்டது. இருவரும் அதிலிருந்து கற்றனர்.

1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பும்போது இந்திய மக்கள் நகைகள் பலவற்றை வழங்கினர். அவற்றைப் பொதுநிதியாக்கக் கணவர் விரும்பினார். அன்னையோ, நாளை வரும் மருமகள்மார்க்கு என்ன செய்வது என்று கேட்டார். கணவர் புரிந்த பொதுத்தொண்டில் தம் உழைப்பும் கலந்திருக்கிறது என்றும் வாதாடினார். முடிவில் நகைகள் அறநிதியாயின. எனினும், வீட்டுப் பணியும் தொண்டே என்று அவர் அன்று எழுப்பிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனி 1913-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு மாதம், கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவு செய்யப்படாத மணங்கள் அந்நாட்டில் செல்லா என்பது அதன் சாரம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்டிர் சட்டத்தின் பார்வையில் மனைவியர் அல்லாராயினர். அவர்தம் மக்களின் வாரிசுரிமை ஐயத்திற்கு உள்ளாயிற்று. அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைப் பார்க்கும் எனக்கு இத்தீர்ப்பின் கொடுமை நன்கு விளங்கும். முப்பது, நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மூதாட்டி, தாம் இன்னாரின் மனைவி என்பதற்குச் சான்று தேடி அலையும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். என் தாயாரும் அவ்வாறு ஒருமுறை வரிசையில் நின்றவரே.

பீனிக்ஸ் குடியிருப்புப் பெண்களிடம் சிறை செல்வது பற்றிக் காந்தியடிகள் பேசியபோது, தம் மனைவியிடம் மட்டும் அதைக் கூறவில்லை. தம் பொருட்டு அவர் இசைந்துவிட்டுப் பின்னர்ச் சோர்ந்துவிடலாகாதே என்னும் தயக்கம். அப்பேச்சைக் கேட்டுவிட்ட அன்னை, சிறை செல்லத் தகாத குறை என்னிடம் என்ன கண்டீர் என்று வினவினார். செப்டம்பரில் பதினாறு பேர் கொண்ட குழுவோடு டிரான்சுவால் எல்லையைக் கடந்து, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து வெளிவந்தபோது எலும்பும் தோலுமாய் இருந்தார். மனைவி என்னும் பெயரைக் காக்க அவர் கணவர் பின்னால் செல்லவில்லை. தாமே முன்வந்து சென்றார்.

அதே போராட்டத்தில் டிரான்சுவாலிலிருந்து வந்து சிறைப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள் என்பது நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது. அவருள் ஒருத்தி, தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை. சிறையில் நோயுற்று வெளிவந்த அப்பதினாறு வயது மங்கை, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் இந்திய மணங்களை ஏற்றுக்கொண்டது.

தாய் என்னும் நிலையில் அன்னை பட்ட துயரம் இன்னும் பெரிது. நான்கு மைந்தருள் மூத்தவர் ஹரிலால், தமக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டதாகக் கருதித் தந்தையை விட்டு விலகினார், குடிப்பழக்கத்தில் வீழ்ந்தார். ஒருமுறை கட்னி இரயில் நிலையத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மைந்தர், ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தாயின் கையில் கொடுத்து, அதனைத் தாயே உண்ணவேண்டும் என்றாராம். தந்தைக்கு ஒன்றும் தரவில்லை. கணவரின் கொள்கைக்கும் மகனின் மனக்காயத்திற்கும் இடையில் நின்ற அன்னை, ஒருவரையும் கைவிடவில்லை. இளைய மைந்தர் தேவதாஸ் 1933-இல் மூதறிஞர் இராஜாஜியின் மகள் இலட்சுமியை மணந்தபோது, தமிழ்நாடு அன்னைக்கு ஒரு மருமகளைத் தந்தது.

1942 ஆகஸ்டு 9 அதிகாலையில் பம்பாயில் காந்தியடிகள் கைதானார். விரும்பினால் அவருடன் செல்லலாம் என்னும் நிலை அன்னைக்கு இருந்தது. ஆயினும் அன்று மாலை சிவாஜி பூங்காவில் கணவர் பேசவிருந்த கூட்டத்தில் தாம் பேச முற்பட்டார். வழியிலேயே கைது செய்யப்பட்டார். பின்னர்ப் புனேயில் ஆகாகான் மாளிகைக் காவலில் இருவரும் சேர்ந்தனர். எழுபது வயதைக் கடந்த மனைவிக்குக் கணவர் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். நோய் முற்றிய வேளையில் தேவதாஸ் பெனிசிலின் மருந்தை வரவழைத்தார். ஊசிகளால் அவரை வருத்தவேண்டாமெனத் தந்தை தடுத்தார். இறுதி நாள்களில் ஹரிலால் குடித்த நிலையில் வந்ததைக் கண்டு, அத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

1944 பிப்ரவரி 22-ஆம் நாள், கணவரின் மடியில் அன்னையின் உயிர் பிரிந்தது. வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. கணவர் நூற்ற நூலால் நெய்த சேலையே இறுதி உடையாயிற்று. அவர் நினைவாகத் திரட்டப்பட்ட நிதி ஒரு கோடி ரூபாயைக் கடந்து, சிற்றூர்ப் பெண்களின், குழந்தைகளின் நலனுக்கென அறக்கட்டளை ஆயிற்று. காந்திகிராமத்தில் அவர் பெயரால் விளங்கும் மருத்துவமனையில் பிறந்த தமிழ்க் குழந்தைகள் எத்துணையோ பேர்.

துணை என்பது பின்தொடர்வது மட்டுமன்று. கேள்வி கேட்பதும், வழக்காடுவதும், பின்பு மனமொப்பி ஏற்ற சுமையை இறுதிவரை சுமப்பதும் ஆகும். நம் இல்லங்களிலும் இத்தகைய அன்னையர் இருந்தனர். அவர்தம் பெயர்கள் எந்தச் சாலைக்கும் சூட்டப்படவில்லை. படிவங்களில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்னும் கட்டங்களுக்குள் அவர்கள் அடங்கிப்போயினர். அடுத்த முறை அச்சாலை வழியே செல்லும்போது, ஒருமுறையேனும் அப்பெயரை முழுமையாகச் சொல்வோம். சொல்லும்போது நம்மைப் பெற்றவளின் பெயரும் தானே நினைவுக்கு வரும்.