பழுப்பு நாயின் வழக்கு

நம் வீடுகளில் எத்தனை பேர் தினமும் இன்சுலின் ஏற்றிக்கொள்கிறோம்! 1921 இல் கனடாவின் டொரொன்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைக் கண்டறிந்தது நாய்களில் செய்த சோதனைகள் மூலம்தான். அந்த நாய்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆனால், அதற்கு முன்பே ஒரு நாய்க்காக லண்டன் மாநகரம் தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருக்கிறது. இன்று அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

'ஹோர்மோன்' என்ற சொல்லை 1905 இல் அறிமுகப்படுத்தியவர் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங். அவரும் அவரது மைத்துனர் வில்லியம் பேலிஸும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய உடற்றொழிலியல் அறிஞர்கள். 1902 இல் 'செக்ரட்டின்' என்ற ஹோர்மோனை நாய்களில் கண்டறிந்தவர்களும் இவர்களே.

1903 பெப்ரவரி 2 ஆம் திகதி பேலிஸ் சுமார் 60 மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் ஒரு பழுப்பு நிற நாயை அறுத்து, உமிழ்நீர்ச் சுரப்பி பற்றிப் பாடம் நடத்தினார். பார்வையாளர்களில் சுவீடனைச் சேர்ந்த இரு பெண்களும் இருந்தார்கள்: லிஸி லிண்ட் அஃப் ஹாகெபி, லீசா ஷார்ட்டாவ். விலங்குச் சோதனையை எதிர்த்த இவர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே மருத்துவக் கல்வியில் சேர்ந்தவர்கள். நாய் சரியாக மயக்கப்படவில்லை, துடித்தது என்று குறிப்பெழுதினார்கள். விலங்குச் சோதனை எதிர்ப்புச் சங்கத்தின் ஸ்டீவன் கோல்ரிட்ஜ் அதைப் பொதுமேடையில் பேச, பேலிஸ் அவதூறு வழக்குத் தொடர்ந்தார்.

நாய் முறைப்படி மயக்கப்பட்டிருந்தது என்றார் பேலிஸ். ஜூரிகள் அவரையே நம்பினார்கள். நஷ்டஈடு 2,000 பவுண், வழக்குச் செலவு 3,000 பவுண். நஷ்டஈட்டுப் பணத்தை அவர் தமது கல்லூரியின் ஆய்வுக்கே கொடுத்துவிட்டார்.

ஆனால், அதே வழக்கில் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. ஒரு விலங்கை ஒரு சோதனைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது 1876 ஆம் ஆண்டுச் சட்டம். இந்த நாயையோ 1902 டிசம்பரில் ஸ்டார்லிங் ஏற்கெனவே அறுத்திருந்தார். இரண்டாவது நாயைப் பலியிடாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்ததாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாதுதான். ஆனாலும் சட்டம் மீறப்பட்டது மீறப்பட்டதுதான்.

1906 இல், தொழிலாளர் வாழ்ந்த பாட்டர்சீ பகுதியில் அந்த நாய்க்குச் சிலை எழுந்தது. சிலையோடு மனிதருக்கு ஒரு தண்ணீர்க் குழாய். கீழே விலங்குகளுக்கு ஒரு தொட்டி. 1902 இல் மட்டும் அதே கல்லூரியில் 232 நாய்கள் அறுக்கப்பட்டன என்றும் அதில் பொறித்திருந்தார்கள். தங்களைக் கொடியவர்களாகக் காட்டுகிறது என்று மருத்துவ மாணவர்கள் கொதித்தார்கள். 1907 டிசம்பர் 10 இல் நூற்றுக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று பொலிஸாருடன் மோதினார்கள். தொழிற்சங்கத்தினரும் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர்களும் சிலையின் பக்கம் நின்றார்கள். இறுதியில் 1910 மார்ச் மாதத்தில், விடியுமுன், 120 பொலிஸாரின் காவலோடு மாநகர சபை சிலையைப் பெயர்த்தெடுத்தது. 1985 இல்தான் அந்த நாய்க்குப் புதிய சிலை வைக்கப்பட்டது.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த ஹதீஸை நாம் சிறு வயதிலிருந்தே கேட்கிறோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸையும் கேட்கிறோம். இரண்டிலும் அந்த உயிருக்காகப் பேச அங்கே எவரும் இருக்கவில்லை. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதே நமக்குப் பாடம்.

லண்டன் வழக்கும் நமக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. சட்டம் வந்து 27 வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் இந்த மீறல் ஊருக்குத் தெரிய, அறைக்குள் வெளியார் இருவர் உட்கார வேண்டியிருந்தது. 1959 இல் ரசல், பர்ச் என்ற இரு பிரித்தானிய அறிஞர்கள் மூன்று விதிகளை முன்வைத்தார்கள்: விலங்குக்குப் பதில் வேறு வழி இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. நல்ல விதிகள்தான். ஆனால் அவை பின்பற்றப்படுகின்றனவா என்று யாரோ ஒருவர் பார்க்க வேண்டும்.

மருந்தின் பயனை அனுபவிக்கும் நாம் சோதனைகளை ஒரேயடியாகச் சாபமிடுவது நேர்மையாகாது. "மனிதருக்காகத்தானே" என்று கதவைச் சாத்திக்கொள்வதும் நேர்மையாகாது. பயனில் பங்கு வாங்கிய நமக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் கடமையும் இருக்கிறது.

உங்கள் கருத்து என்ன? எழுதுங்கள், பேசுவோம்.