முகத்துல அடிபட்டுச்சா? ‘ஒண்ணுமில்ல மச்சி’ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. கிரவுண்டில் மேட்ச் சூடுபிடித்திருக்கிறது. ஷார்ட் பிட்ச்சாக விழுந்த பந்து எகிறி, பேட்ஸ்மேன் முகத்தில் ‘டொப்’பென்று மோதுகிறது. எல்லோரும் ஓடிவருகிறார்கள். “தலையை மேல தூக்குடா, ரத்தம் நின்னுடும்” என்கிறார் ஒருவர். அடிபட்டவரோ, “ஒண்ணுமில்ல மச்சி, ஆடலாம்” என்று மறுபடி பேட்டைப் பிடிக்கிறார்.

ரெண்டுமே தப்பு!

இந்த மாதிரி நேரத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் அனில் கும்ப்ளே கதையைச் சொல்வார். 2002, ஆன்டிகுவா டெஸ்ட். மெர்வின் டில்லன் வீசிய பந்தில் கும்ப்ளேவின் தாடை உடைந்தது. தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் வீசி, லாராவின் விக்கெட்டையும் எடுத்தார். மெய்சிலிர்க்க வைக்கும் கதைதான். ஆனால், கதையின் மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அவருடன் அணியின் பிசியோ இருந்தார். அதன்பிறகு அறுவை சிகிச்சைக்காக கும்ப்ளே நாடு திரும்பினார். அந்தத் தொடரின் கடைசி டெஸ்ட்டில் அவர் ஆடவில்லை.

நம்ம ஏரியா கிரவுண்டில் பிசியோ கிடையாது. பக்கத்தில் நிற்கும் நண்பர்தான் பிசியோ. அவருக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் இவை.

முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல!

முகத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் பதறிவிடுவோம். ஆனால், அதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மூச்சு சீராக இருக்கிறதா? நினைவு தெளிவாக இருக்கிறதா? கழுத்து வலிக்கிறதா?

கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, மயக்கம் இதில் ஏதாவது இருந்தால் ஆளைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்கு போன் செய்யுங்கள். இந்தப் பிரச்னை எதுவும் இல்லையென்றால், முன்பக்கம் சாய்ந்து உட்கார வையுங்கள். வாயில் வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.

வீக்கத்துக்கு ஐஸ் நல்லது. நேரடியாகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடங்கள் வைக்கலாம். கண்ணின் மீது மட்டும் அழுத்தக் கூடாது.

மூக்கு: மேலே அல்ல, முன்னே!

தலையை அண்ணாந்தால் ரத்தம் நிற்காது, தொண்டைக்குள் போகும். குமட்டும், வாந்தி வரும். சரியான முறை இதுதான்: முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் எலும்புக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற பகுதியை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடங்கள் வரை விடாமல்! ‘நின்னுடுச்சா’ என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. இப்படிச் செய்தும் அரை மணி நேரத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைதான்.

மூக்கு கோணியிருந்தாலோ, தொட்டால் நறநறவென்று சத்தம் வந்தாலோ எலும்பு உடைந்திருக்கலாம். வீக்கம் வடிந்ததும் இதைச் சரிசெய்யலாம். ஆனால், இரண்டு வாரங்களைத் தாண்டவிட்டால் எலும்பு கோணலாகவே கூடிவிடும். ‘நானே நேராக்கிடறேன்’ என்று யாரும் கைவைக்க வேண்டாம்.

எலும்பு முறிவைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டிக்கொள்வது. மூக்கு அடைத்துக்கொண்டே போகும், வலி கூடும், உள்ளே கருஞ்சிவப்பாக மெத்தென்ற வீக்கம் தெரியும். இதை அன்றைக்கே மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். விட்டால் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு அழிந்து, மூக்குத் தண்டு பள்ளமாகிவிடும்.

அடிபட்ட பிறகு மூக்கிலிருந்து தண்ணீர் போல தெளிவான திரவம் சொட்டினால், அதைச் சளி என்று நினைக்காதீர்கள். மூளையைச் சுற்றியிருக்கும் திரவமாக இருக்கலாம். மூக்கைச் சிந்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல்: விழுந்ததைத் தேடி எடுங்க!

பல் வேரோடு விழுந்துவிட்டால், ‘போச்சு’ என்று விட்டுவிடுகிறோம். நிரந்தரப் பல்லாக இருந்தால் அதை மறுபடி பொருத்த வாய்ப்பிருக்கிறது. நேரம்தான் முக்கியம். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் நல்லது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

* கடிக்கும் பக்கத்தை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள்.
* மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசுங்கள். பால் இல்லையென்றால் சில விநாடிகள் தண்ணீரில் அலசலாம். சுரண்டவோ, துணியால் துடைக்கவோ கூடாது.
* அடிபட்டவர் தெளிவாக இருந்தால், பல்லை அதே குழியில் மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம்.
* முடியவில்லையா? பக்கத்து டீக்கடையில் ஆறிய பால் கொஞ்சம் வாங்கி அதில் போட்டு எடுத்துப் போங்கள். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். வேரில் இருக்கும் செல்கள் செத்துவிடும்.

குழந்தைகளின் பால்பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் பல்லுக்குச் சேதம் ஏற்படும். அப்போதும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

தாடையும் கன்னமும்: கடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க!

தாடை உடைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிமையான கேள்வி இது: “மேல்பல்லும் கீழ்பல்லும் எப்பவும் போல சேருதா?” இல்லை என்றால் எலும்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கீழுதடும் மோவாயும் மரத்திருப்பது, நாக்குக்கு அடியில் ரத்தம் கன்றியிருப்பது, வாயைத் திறக்க முடியாதது ஆகியவையும் அறிகுறிகள். மோவாயில் அடிபட்டால்கூட, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு உடையலாம். அதனால் அங்கே வலிக்கிறதா என்றும் கேளுங்கள்.

கன்ன எலும்பு உடைந்தால் ஒரு பக்கக் கன்னம் தட்டையாகத் தெரியும். வீக்கம் வந்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். கன்னமும் மேலுதடும் மரத்துப்போவதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம்.

தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு போனாலே போதும். வாயை இறுக்கிக் கட்டாதீர்கள். வாந்தி வந்தால் மூச்சு அடைக்கும். மருத்துவர் பார்க்கும் வரை சாப்பாடும் வேண்டாம். இந்த மாதிரி எலும்பு முறிவுகளைப் பார்ப்பதற்கென்றே வாய், முகச்சீரமைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள்.

கண்: தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க!

2012-ல் இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சரின் இடது கண்ணில் பட்டது பந்துகூட இல்லை, ஸ்டம்ப்பிலிருந்து பறந்துவந்த பெய்ல். அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. அத்தோடு அவரது சர்வதேச வாழ்க்கையே முடிந்துபோனது. ஷட்டில் காக் போன்ற சின்னப் பொருள்களும் ஆபத்தானவைதான். கண்குழிக்குள் நேராகப் புகுந்துவிடும்.

பார்வை மங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, கருவிழிக்குள் ரத்தம் தேங்குவது, மேலே பார்க்க முடியாதது, ஒளிக்கீற்று அல்லது திரை விழுந்த மாதிரி தெரிவது... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவர். ஒளிக்கீற்றும் திரையும் சில நாள்கள் கழித்துக்கூட வரலாம். அப்போதும் தாமதிக்கக் கூடாது.

சிறுவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கண் வெளியில் பார்க்க வெள்ளையாக, நன்றாகவே இருக்கும். ஆனால், மேலே பார்த்தால் வலிக்கும், வாந்தி வரும். கண்குழியின் அடி எலும்பு விரிசல்விட்டு, அதில் கண் தசை சிக்கியிருக்கலாம். இதற்கு அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கண்ணைக் கழுவுவது, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தைப் போடுவது எல்லாம் வேண்டாம். பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணில் படாமல் எலும்பின் மேல் பொருந்தும்படி மூடி ஒட்டுங்கள். மூக்கைச் சிந்தவும் கூடாது. உடைந்த எலும்பு வழியாகக் காற்று கண்ணுக்குப் பின்னால் புகுந்துவிடும்.

வெட்டுக்காயத்துக்குக் காபித்தூள் வேண்டாமே!

முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். அதனால் சின்ன வெட்டுகூட பயங்கரமாகத் தெரியும். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடங்கள் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். மஞ்சள்தூள், காபித்தூள் வைத்தால் மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகே தையல் போட முடியும். உதட்டின் விளிம்பு, இமை, காது ஆகிய இடங்களில் வெட்டு என்றால் சின்னதாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். உதட்டுக் கோடு துளி விலகித் தைத்தாலும் ஆயுசுக்கும் தெரியும். டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கபடி, மல்யுத்தம் ஆடுபவர்களுக்குக் காது மடல் உரசி ரத்தம் கட்டும். ஓரிரு நாளில் அதை வெளியேற்றாவிட்டால் காது காலிஃப்ளவர் மாதிரி சுருண்டு இறுகிவிடும்.

மறுபடி எப்போ ஆடலாம்?

முகத்தில் விழும் அடி மூளையையும் குலுக்கும். தலைவலி, குழப்பம், வாந்தி, ‘ஸ்கோர் என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது... இதில் எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் க்ளோஸ். 2019 முதல் சர்வதேச கிரிக்கெட்டில் இதற்காகவே மாற்று வீரரை அனுமதிக்கிறார்கள். 2020-ல் கான்பெராவில் ஹெல்மெட்டில் அடிபட்ட ஜடேஜாவுக்குப் பதிலாக சஹால் பந்து வீசியது நினைவிருக்கும். நம் டீமிலும் ‘பன்னிரண்டாவது ஆள்’ இருப்பாரே!

எலும்பு முறிவு என்றால் மோதல் உள்ள ஆட்டங்களுக்குப் பல வாரங்கள் லீவு. 2024 யூரோ கோப்பையில் எம்பாப்பே மூக்கு உடைந்த பிறகு முகக்கவசம் போட்டு ஆடியது மருத்துவர்களின் மேற்பார்வையில்தான்.

வராமல் தடுக்க...

ஹெல்மெட் இருந்தால் மட்டும் போதாது, இடைவெளியும் முக்கியம். 2014-ல் ஓல்டு டிராஃபோர்டில் வருண் ஆரோன் வீசிய பந்து, ஸ்டூவர்ட் பிராடின் ஹெல்மெட் கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் இடையே புகுந்து மூக்கை உடைத்தது. உங்கள் ஹெல்மெட்டில் அந்த இடைவெளிக்குள் பந்து நுழைகிறதா என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஹாக்கி, பாக்ஸிங், கபடிக்கு மவுத்கார்டு. ஷட்டிலுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கண்ணில்தான் குத்தும்.

கிட் பேக்கில் சுத்தமான துணி, ஐஸ் பேக், பேப்பர் கப், பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவர், கண் மருத்துவர் நம்பர்கள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு யாராவது “ஒண்ணுமில்ல மச்சி” என்று சொன்னால், “இரு மச்சி, பல்லைக் கடிச்சுக் காட்டு” என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இருங்கள்.